கடைசி அத்தியாயத்தில் அழுகிறவன்

தறிச் சத்தம் இல்லாவிட்டால் புவனாவுக்கு ஒரு வரி ஓடாது. சூலூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊரில், வீட்டுச் சுவரை ஒட்டியே அவள் கணவர் திருமூர்த்தியின் விசைத்தறிக் கூடம். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டால் அடுப்படியில் தட்டும் டம்ளரும் சேர்ந்து அதிரும். அந்த அதிர்வில்தான் அவளுடைய நாயகர்கள் உறுமுவார்கள், நாயகிகள் விசும்புவார்கள். கரண்ட் போனால் தறி ஓட்டுகிறவர்கள் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார்கள். புவனாதான் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பாள். "எப்பங்க வரும்?" என்று மின்வாரிய ஆபீசுக்குப் போன் போடுவதும் அவள்தான்.

ஊருக்கு அவள் தறிக்காரர் பெண்சாதி. இணையத்தில் காதல் தொடர் படிக்கிற பெண்களுக்கு அவள் 'சாரல்மொழி'. நாவல் நூறைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது. திங்கள், புதன், வெள்ளிக்கு ஒரு தொடர், மற்ற நாட்களுக்கு இன்னொரு தொடர். ஞாயிற்றுக்கிழமையாவது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாளா என்றால், அன்றைக்குத்தான் அடுத்த நாவலுக்குப் பிள்ளையார் சுழி போடுவாள். குழம்பு கொதிக்கும்போது ஒரு பத்தி, சோறு வடியும்போது ஒரு பத்தி. ஒரு கதைக்கு 'முற்றும்' போட்ட ஈரம் காய்வதற்குள் அடுத்த கதையில் ஒருத்தி கட்டாயத் தாலிக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள். சும்மா இருந்தால் நெஞ்சுக்குள் ஏதோ துரத்துகிற மாதிரி இருக்கும் என்பாள். என்ன துரத்துகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

மற்ற எழுத்தாளர்கள் கதைக்கு அலைவார்கள். இவளுக்கு அந்தக் கஷ்டமே கிடையாது, ஏனென்றால் இவளிடம் இருப்பது ஒரே கதை. மில் முதலாளியோ தோட்டத்து எஜமானோ, ஆறடி உயரத்தில் ஒருவன் இருப்பான். சிரிக்க மாட்டான். நாயகியின் மணிக்கட்டை அழுத்தமாகப் பற்றுவான். அவள் எதை உடுத்த வேண்டும், யாரோடு பேசக்கூடாது என்பதை அவன்தான் சொல்வான். நாற்பது எபிசோடு அவள் பொறுத்துக்கொள்வாள். கடைசி அத்தியாயத்தில் அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, "என்னை மன்னிச்சிரு" என்று குலுங்கிக் குலுங்கி அழுவான். அந்த ஒரு அழுகைக்காகத்தான் அத்தனை பெண்களும் காத்திருப்பார்கள். மற்றவர்களும் ஆம்பளைகளை அழவைத்துப் பார்த்தார்கள். சாரல்மொழியின் அழுகை யாருக்கும் வாய்க்கவில்லை.

அவள் எழுதத் தொடங்கியது தன் தாய் நஞ்சம்மாளின் கருமாதி முடிந்த மாதத்தில். துக்கத்துக்கு ஒருத்தி கோயிலுக்குப் போவாள், ஒருத்தி சீரியல் பார்ப்பாள், இவள் எழுதுகிறாள் என்று சொந்தபந்தம் விட்டுவிட்டது. திருமூர்த்தி மட்டும் ஒரே ஒரு நாவலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். படித்துவிட்டு ரொம்ப யோசனையோடு கேட்டார்: "ஏம்புள்ள, இவனைய ஏன் யாரும் போலீசுல புடிச்சுக் குடுக்கல?"

புவனா அதற்கப்புறம் அவரிடம் எதையும் படிக்கக் கொடுக்கவில்லை. அவளுக்கு வாசகியாக மகள் நித்யஸ்ரீ வந்து சேர்ந்தாள். ஸ்கூல் படிக்கும்போதே அம்மா எழுதுகிற ஒவ்வொரு எபிசோடும் முதலில் அவள் கைக்குத்தான் போகும். அவள் எழுத்துப்பிழை திருத்துவாள், 'இந்த எடத்துல அவன் இன்னும் கொஞ்சம் மொறைக்கட்டுங்கம்மா' என்று யோசனை சொல்வாள். இப்போது சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இன்றைக்கும் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து அவள் சரியென்று சொன்ன பிறகுதான் எபிசோடு வெளியே போகும். அவளுக்கு உயிர் 'எரிமலையில் என் கூடு'. அதில் பனிமலரின் நாயகன் ருத்ரவேல்தான் தன் செல்லம் என்று பத்தாவது படிக்கும்போதே அறிவித்துவிட்டாள். புவனாவுக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமைக்கு வினை மனோஜ்குமார் ரூபத்தில் வந்தது.

அன்னூர்ப் பக்கம் தோட்டம், டவுனில் மோட்டார் உதிரிபாகக் கம்பெனி, நல்ல குடும்பம். ஜாதகம் பொருந்தியது, பெண் பார்த்தார்கள், இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உப்பு சக்கரை மாற்றுவது என்று நாள் குறித்தார்கள். இரண்டு வீட்டாரும் உப்பையும் சக்கரையையும் மாற்றிக்கொண்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் பின்வாங்குகிற குடும்பத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஆள் யோசிப்பார்கள். புவனா தன் நாவல்களில் அந்தச் சடங்கை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள்.

மாப்பிள்ளையைப் பற்றி நித்யஸ்ரீ வந்து சொல்லும் ஒவ்வொன்றும் புவனாவுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஆபீஸ் கேட்டில் காரோடு வந்து நின்றானாம். சுடிதாருக்குத் துப்பட்டா சரியில்லை என்று திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வரச் சொன்னானாம். கூட வேலை பார்க்கும் அருண்குமார் யார் என்று கேட்டு, அவள் போனை வாங்கி அந்த நம்பரை அவனே அழித்துவிட்டானாம். சாயங்காலம் கூப்பிட்டால் இரண்டாவது ரிங்கில் எடுத்துவிட வேண்டுமாம்.

"அப்படியே ருத்ரவேலுங்கம்மா!" என்றாள் நித்யஸ்ரீ. முகமெல்லாம் பல். "இது ஆரம்ப எபிசோடு. போகப் போக உருகிப்போயிருவாரு பாருங்க."

புவனா சிரித்து வைத்தாள். ஆனால் அன்றைக்கு இரண்டு தறிக்கு நடுவே நின்றும் அவளுக்கு ஒரு வரி வரவில்லை. ருத்ரவேல் நம்பர் அழித்ததை அவள் ரசித்து எழுதியிருந்தாள். இருபதாம் எபிசோடு, நல்ல வரவேற்பு.

நிச்சயப் புடவை எடுக்க கிராஸ்கட் ரோட்டுக்குப் போனார்கள். புவனா, நித்யஸ்ரீ, கூட மாப்பிள்ளையும் வந்தான். கடையில் கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். நித்யஸ்ரீக்கு ஒரு இலைப்பச்சை பிடித்துப் போனது. தோளில் போட்டுக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மனோஜ்குமார் சிவப்பு ஒன்றை எடுத்து முன்னால் போட்டான்.

"எனக்கு இதுதாங்க புடிச்சிருக்குது," என்றாள் அவள், பச்சையை விடாமல்.

அவன் குரலை உயர்த்தவில்லை. அவள் மணிக்கட்டைப் பற்றினான். அவள் கையிலிருந்து புடவை நழுவும் வரை அழுத்தினான். "நாஞ் சொன்னா சொன்னதுதான்," என்றான். பிறகு புவனா பக்கம் திரும்பி மரியாதையாக, "செவப்புத்தான் எடுப்பா இருக்குமுங்க அத்தை," என்றான்.

மணிக்கட்டை அழுத்தமாகப் பற்றினான். இந்த வாக்கியத்தை அவள் எத்தனை முறை எழுதியிருப்பாள் என்று சாமிக்குத்தான் தெரியும். கண்ணாடி வளையல் உடையும் என்று ஒரு முறைகூட எழுதியதில்லை. நித்யஸ்ரீயின் வளையல் ஒன்று இரண்டாக உடைந்து சதையில் கீறி, நூல் பிடித்தாற்போல் ரத்தம் எட்டிப் பார்த்தது. பெண் அதைத் துப்பட்டா நுனியில் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.  அந்தச் சிரிப்பைப் புவனா சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறாள்.

காந்திபுரத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் புவனா ஆரம்பித்துவிட்டாள். "இந்த எடம் வேண்டாங் கண்ணு."

"ஏனுங்க?"

"அவன் கையப் புடிச்சது எனக்குப் புடிக்கல."

நித்யஸ்ரீ அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க எழுதுனா காதலு, எனக்கு நடந்தாத் தப்புங்களா? உங்க ருத்ரவேல் பனிமலரைய மழையில வெளிய நிக்க வெச்சான். அதுக்கு எத்தன ஹார்ட்டு வந்துச்சுன்னு நாந்தான உங்களுக்கு எண்ணிச் சொன்னேன்?"

"அது கதை, அம்மணி."

"கதைதான். உங்களுக்கு ஆம்பளைங்களைப் பத்தித் தெரியாமயா அத்தனை கதை எழுதுனீங்க? கடைசில எல்லாரும் அழுகறாங்கல்ல? இவரும் அழுவாரு. நான் பொறுத்துக்குவேன்."

பஸ் ஒண்டிப்புதூரைத் தாண்டியது. ஊரிலுள்ள பெண்களையெல்லாம் 'பொறுத்துக்கோ' என்று சொல்லி ஆற்றுப்படுத்தியவள் இப்போது சொந்தப் பெண்ணிடம் 'பொறுக்காதே' என்று சொன்னால் எடுபடுமா? தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான். இரண்டொரு நாளில் ஏதாவது செய்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உப்பு சக்கரை மாறிவிடும்.

திருமூர்த்தியிடம் போனாள். அவர் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். "புள்ளைக்குச் சம்மதம்ங்கறா," என்றார் குழப்பத்தோடு. "மாப்பள உன்ற கதையில வர்றவனாட்ட இருக்கறான்னு அவ சந்தோசமாத்தான இருக்கறா? வேண்டாம்னு நீ சொன்னா ஒரு காரணஞ் சொல்லோணுமல்ல புள்ள?"

காரணம் அவளிடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை வருஷமாக வாய் வரவில்லை. வாசலுக்குப் போனாள், அடுப்படிக்கு வந்தாள், அரிசியை ஊறப்போட்டதை மறந்து மறுபடி ஊறப்போட்டாள். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்ய, தறிகளுக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'எரிமலையில் என் கூடு' நாவலுக்கு இன்னுமொரு அத்தியாயம் எழுதினாள். ருத்ரவேலுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பனிமலர் பெரியாஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறாள், இனித் தேறமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் மணிக்கட்டில் பழைய தழும்பு. மகள் கட்டிலோரம் நின்று அப்பாவையே பார்க்கிறாள். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார், கையையாவது தொடுவார் என்று பார்க்கிறாள். பனிமலரும் கண்ணைத் திறந்து திறந்து பார்க்கிறாள். ருத்ரவேல் வராந்தாவுக்குப் போகிறான். நர்சிடம், "இங்க காப்பி எங்கம்மா கெடைக்கும்?" என்று கேட்கிறான். அவன் காப்பி குடித்துவிட்டு வரும்போது அவள் இல்லை. அவ்வளவுதான் அத்தியாயம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை மகளுக்கு அனுப்பாமல், பிழைகூடத் திருத்தாமல் வெளியிட்டாள். அப்படி அவள் செய்தது அதுவே முதல் தடவை.

வாசகிகள் கொதித்துப்போனார்கள். 'இது எங்க ருத்ரா இல்லை' என்றாள் ஒருத்தி. 'ஐடியை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க' என்றாள் இன்னொருத்தி. 'இதைப் படிக்கவா ஆபீசுல லீவு போட்டேன்' என்று ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். எல்லா எபிசோடுக்கும் பக்கம் பக்கமாகப் பாராட்டி எழுதும் உக்கடத்து ரிஃபானா மட்டும் தன் தகப்பனைப் பற்றி ஒரே வரி போட்டிருந்தாள்: 'எங்க அத்தாவும் இப்படித்தாங்க்கா.' புவனா அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு போனை அரிசி டப்பா மேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தறிக்கூடத்துக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் நித்யஸ்ரீ செருப்பைக்கூடக் கழற்றாமல் தறிக்கூடத்துக்கே வந்தாள். தறி ஓடும்போது அங்கே யாரும் பேச முடியாது, கத்தத்தான் வேண்டும்.

"எதுக்குங்கம்மா அப்படி எழுதுனீங்க?" என்று கத்தினாள். "அவந்தான் அழுதுட்டானே! மன்னிப்பே கேட்டுட்டானே!"

"அவன் அழுகல!" என்று புவனாவும் கத்தினாள்.

"நானே எத்தன தடவ படிச்சிருக்கறேன்!"

"அது நான் எழுதுனது, கண்ணு! உங்க தாத்தன் காப்பி எங்க கெடைக்கும்னுதான் கேட்டாரு! எங்கம்மா கண்ண மூடற வரைக்கும் எங்கப்பன் ஒரு வார்த்தை…"

திருமூர்த்தி எப்போது மோட்டாரை நிறுத்தினார் என்று தெரியவில்லை. தறிகள் ஒவ்வொன்றாக நிற்க, மீதி வார்த்தைகள் வெறும் கூடத்தில் பெரிதாகக் கேட்டன. "ஒரு வார்த்தை மன்னிச்சுக்கன்னு சொல்லல! ஒருக்காக்கூடச் சொல்லல!"

தறி ஓட்டுகிற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். புவனா குரலைத் தணிக்கப் பார்த்தாள். வரவில்லை. "அவரு வாயில அதைய வரவெக்கத்தான் இத்தன வருசமா எழுதறேன். ஒரு கதை முடிஞ்சா ரெண்டு நாளைக்கு நெஞ்சு கம்முன்னு கெடக்கும். அப்பறம் மறுக்கா ஆரம்பிச்சுரும். எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு ஆளு அழுது நான் பாத்ததே இல்ல, சாமி. கடைசி அத்தியாயம் பூராப் பொய்யி."

 நித்யஸ்ரீக்குத் தாத்தாவைத் தெரியும். சாகும் வரை தேருக்குப் போனால் பொரி வாங்கித் தந்த தம்பிதுரைத் தாத்தா. அவ்வளவுதான் தெரியும்.

அப்போது அவள் போன் அடித்தது. பழக்கதோஷம், இரண்டாவது ரிங்குக்குள் எடுத்துவிட்டாள். எடுத்தவள் என்ன நினைத்தாளோ, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க, ஒன்னு கேக்கோணும்," என்றாள். "அன்னிக்குக் கடையில கையப் புடிச்சதுல வளையல் ஒடஞ்சு கீறிருச்சு. அதுக்கு ஒரு சாரி சொல்லுங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "வெளையாடறயா?"

"இல்லீங்க. நெசமாலுந்தான் கேக்கறேன். ஒரே ஒரு சாரி."

"கடையில எல்லார் முன்னாடியும் எதுத்துப் பேசுனது நீ. சொல்றதுன்னா நீதான் சொல்லோணும். ஞாயித்துக்கெழம முடியட்டும், உனக்கு எப்படிப் பேசறதுன்னு நான் கத்துத் தாரேன்."

நித்யஸ்ரீ போனை வாயருகே கொண்டுவந்தாள். "இந்தக் கதைக்குக் கடைசி எபிசோடே கெடையாதுன்னு இப்பத்தாங்க தெரியுது," என்று சொல்லிவிட்டுக் கட் செய்தாள்.  கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம்தான் இருந்தது.

உடனே மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. திருமூர்த்தி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்கிட்டக் குடு அம்மணி," என்று வாங்கினார்.

"தம்பி, நான் நித்யா அப்பன் பேசறேனுங்க. ஞாயித்துக்கெழம நீங்க வர வேண்டாமுங்க… இல்லீங்க, புள்ளைக்கு இஷ்டமில்லீங்க… ஆமாங்க, சொந்தபந்தத்துக்கெல்லாஞ் சொல்லியிருப்பீங்க, உங்களுக்குச் செரமந்தான். முன்னாலயே நான் வெசாரிச்சிருக்கோணும், என்ற மேலதான் தப்பு. மன்னிச்சுக்கோங்க தம்பி."

அந்தப் பக்கம் ஏதோ கத்தியது. அவர் அதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுபடியும் ஒரு தடவை "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

புவனா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தை. எவ்வளவு சுலபமாக வருகிறது இந்த மனுஷனுக்கு! பால் பொங்கி வழிந்தால் சொல்வார். கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டால் சொல்வார். இருட்டில் அவள் கால் மேல் கால் பட்டுவிட்டால் தூக்கத்திலேயே சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து காதோரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. தறிச் சத்தம் மாதிரி அதுவும் பழகிப்போய், அவள் ஒரு நாளும் அதைக் காதில் வாங்கவில்லை. நூறு நாவலில் ஒன்றில்கூட இவரை வைத்து எழுதியதில்லை. அழவைக்கத் தேவையே இல்லாத ஆளை வைத்துக்கொண்டு நாற்பது எபிசோடு எப்படி ஓட்டுவது?

"என்ன புள்ள அப்படிப் பாக்கற?" என்றார் திருமூர்த்தி, பயந்துபோய். "தப்பா ஏதாச்சும் பேசிப்போட்டனா? மன்னிச்சுக்க."

புவனா தறியின் பாவு உருளையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். தாயின் சாவுக்கு அழாதவள், தகப்பன் சாவுக்கு அழாதவள், அன்றைக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நித்யஸ்ரீ வந்து பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தறி ஓட்டுகிறவர்கள் இரண்டு தரம் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் அழுது முடிக்கும் வரை திருமூர்த்தி மோட்டாரைப் போடவில்லை.